வடகனடாவின் வனாந்தரம்: பயணி யாருடைய நிலத்தில் நடக்கிறார்?

கனடாவின் வடக்கில் யூக்கான், வடமேற்குப் பிரதேசங்கள், நுனாவுட் என்ற மூன்று ஆட்சிப்பகுதிகள் இருக்கின்றன. மூன்றையும் சேர்த்தால் இந்தியாவைவிடப் பெரிய பரப்பு. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ 1,18,000 பேர். சாலை எட்டாத ஊர்கள் பல. கோடையில் ஆறுகளில் கனூ படகு செலுத்தவும், மரமற்ற துந்திராவில் நடக்கவும், பனிமலைகளைக் காணவும் தெற்கிலிருந்து பயணிகள் வருகிறார்கள். அவர்களை ஈர்ப்பது பெரும்பாலும் ஒரே வாக்குறுதிதான்: மனிதக் கை படாத நிலம். ஆனால் தெனே, க்விச்சின், தெற்கு டுட்சோனி முதலிய முதற்குடிகளும் இனுயிட் மக்களும் பல ஆயிரம் ஆண்டுகளாக வேட்டையாடி, மீன்பிடித்து, பிள்ளை பெற்று, இறந்தோரைப் புதைத்து வாழ்ந்துவரும் இடமும் அதுவே.

அப்படியானால் அங்கே செல்லும் பயணி யார்? கண்டறிபவரா, தனிமை தேடி வந்தவரா, விருந்தினரா, அனுமதியின்றி நுழைந்தவரா? இரண்டரை நூற்றாண்டுகளாக இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. அவற்றை இக்கட்டுரை ஓர் அளவுகோலை வைத்துப் பார்க்கிறது. அந்த நிலத்து மக்கள் ‘வேண்டாம்’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஒவ்வொரு நிலைப்பாடும் எவ்வளவு மதிப்புத் தருகிறது?

வழிகாட்டியைப் பின்னுக்குத் தள்ளிய கதைகள்

முதல் விடை கண்டறிவோருடையது. ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஊழியரான சாமுவேல் ஹெர்ன், செப்புச் சுரங்கம் தேடி 1769இலும் 1770இலும் இருமுறை புறப்பட்டுத் தோற்றுத் திரும்பினார். மூன்றாம் முறை சிப்பவையன் தெனே தலைவர் மட்டோனபி அவரை அழைத்துச் சென்றார். முந்தைய பயணங்களில் பெண்கள் இல்லாததே தோல்விக்குக் காரணம் என்பது மட்டோனபியின் கணிப்பு. சுமை இழுப்பது, தோல் பதப்படுத்துவது, உடையும் காலணியும் தைப்பது, கூடாரம் அமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அவர்களில்லாமல் அந்நிலத்தில் நெடுந்தூரம் போக முடியாது. 1771 ஜூலையில் ஹெர்ன் ஆர்க்டிக் கடற்கரையை அடைந்தார். உண்மையில் அவர் சென்றது, காரிபு மான்களின் நடமாட்டத்தை ஒட்டித் தன் போக்கில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தோடு. வரலாற்றுப் பாடங்களிலோ அது ஹெர்னின் பயணமாகவே நிலைத்தது.

வழிகாட்டியின் சொல்லைக் கேளாததற்குச் சிலர் கொடுத்த விலை பெரிது. ஜான் ஃப்ராங்க்ளினின் முதல் தரைவழிப் பயணத்தில் (1819–22) இருபது பேரில் பதினொருவர் இறந்தனர். எஞ்சியோர் உயிர்பிழைத்தது யெல்லோநைவ்ஸ் தெனே தலைவர் அகைச்சோவின் ஆட்கள் கொண்டுவந்த உணவால். 1845இல் எரிபஸ், டெரர் என்ற இரு கப்பல்களோடு ஃப்ராங்க்ளின் மறுபடி புறப்பட்டபோது 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு நேர்ந்ததை இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து 1854இல் ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் ஜான் ரே தெரிவித்தார். லண்டனில் அதற்குக் கிடைத்தது ஏளனம். இனுயிட்டின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று சார்ல்ஸ் டிக்கன்ஸே எழுதினார். 2014இல் எரிபஸும் 2016இல் டெரரும் கடலடியில் கிடைத்தபோது, தலைமுறைகளாகச் சொல்லப்பட்டுவந்த இனுயிட் வாய்மொழி வரலாறு பெருமளவு சரியென்று தெரிந்தது. அந்த வரலாற்றைப் பல்லாண்டுகள் சேகரித்த ஜோவா ஹேவன் ஊரின் லூயி கமூகாக்கின் உழைப்பும், டெரர் இருந்த விரிகுடாவைச் சுட்டிக்காட்டிய சாமி காக்விக்கின் தகவலும் தேடலுக்குத் துணைநின்றன.

பெரிய அடிமை ஏரியின் கிழக்குக் கையிலிருந்து ஆர்ட்டிலரி ஏரிக்கு ஏறும் பழைய தெனே பாதை, 1890இல் அவ்வழி சென்ற வார்பர்ட்டன் பைக் என்ற ஆங்கிலேயரின் பெயரால் இன்றும் வரைபடங்களில் இருக்கிறது. கண்டறிவோரின் விடையில் உள்ள குறை வெளிப்படை. அது அந்த மக்களின் அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. அவர்களை அந்நிலத்தின் உரிமையாளர்களாக எண்ணவில்லை. மறுப்பு என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

காக்கப்பட்ட நிலம், தடுக்கப்பட்ட வேட்டை

இரண்டாம் விடை பாதுகாப்பாளர்களுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கஸ்தூரி எருதும் காட்டெருமையும் அழிந்துவிடும் என்ற அச்சத்தில் பிறந்தது. அந்த அச்சம் பொய்யல்ல. தெற்குச் சந்தைக்கான தோல் வணிகம் அவ்விலங்குகளை வெகுவாகக் குறைத்திருந்தது. 1922இல் வுட் பஃபலோ தேசியப் பூங்காவும், 1927இல் தெலான் வேட்டைவிலங்குக் காப்பகமும், 1940களின் தொடக்கத்தில் யூக்கானில் க்ளுவானி காப்பகமும் அமைந்தன. அதே 1927இல்தான் ஜான் ஹார்ன்பி என்ற ஆங்கிலேயரும் இரு இளைஞர்களும் காரிபு மந்தையைத் தவறவிட்டுத் தெலான் ஆற்றங்கரைக் குடிலில் பட்டினியால் இறந்தனர். தெலானின் புகழ் உலகெங்கும் பரவ அந்த மரணங்களும் ஒரு காரணம். காப்பக எல்லைக்குள் வேட்டை தடுக்கப்பட்டதால் வாழ்க்கை மாறிப்போன தெனே குடும்பங்களை அந்தப் புகழ் நினைத்துப் பார்க்கவில்லை.

வரலாற்றாசிரியர் ஜான் சாண்ட்லாஸ் 2007இல் வெளியிட்ட நூல் இந்தக் காலத்தை விரிவாக ஆராய்கிறது. வனவிலங்குப் பாதுகாப்பு என்ற பெயரில் அரசு வடக்கின் வேட்டைச் சமூகங்களை அடக்கியாளும் கருவியைப் பெற்றது என்பது அவர் வாதம். வுட் பஃபலோவின் கதை இதற்கு வலுவான சான்று. காட்டெருமையைத் தொடாதே என்று வேட்டைக்காரர்களுக்குத் தடை விதித்த அதே நிர்வாகம், 1925க்கும் 1928க்கும் இடையில் தெற்கிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சமவெளி எருமைகளை ஏற்றிவந்து விட்டது. அவற்றோடு காசநோயும் புரூசெல்லா நோயும் வந்தன. அறிவியல் தரப்பிலேயே எச்சரித்தவர்கள் இருந்தும் அது நடந்தது. இதைப் படிக்கும்போது, அறியாமை யார் பக்கம் இருந்தது என்ற கேள்வியைத் தள்ளிவிட இயலாது.

தேசியப் பூங்காக்களின் அடுத்த அலையில் பயணமும் சேர்ந்துகொண்டது. இளம் வயதில் கனூ பயணத்தைத் துறவுப் பயிற்சியாகக் கருதிக் கட்டுரை எழுதிய பியர் ட்ரூடோ, பிரதமரான பின் 1970இல் நஹானி ஆற்றில் பயணம் செய்தார். 1972இல் அது தேசியப் பூங்கா ஒதுக்கிடமாயிற்று. 1978இல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அணைத் திட்டங்களிலிருந்து ஒரு மாபெரும் அருவியும் ஆறும் தப்பியதில் இந்த மரபுக்குப் பங்கு உண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் டெஹ்சோ முதற்குடிகளோடு சேர்ந்து அந்தப் பூங்கா ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டராக விரிவடைய 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லைநிலமும் தாயகமும்

மூன்றாம் விடை பயணிகளிடமிருந்து வரவில்லை. 1970களில் மெக்கன்சி பள்ளத்தாக்கு வழியாக எரிவாயுக் குழாய் பதிக்கத் திட்டமிட்டபோது, கனடிய அரசு நீதிபதி தாமஸ் பர்ஜர் தலைமையில் விசாரணை நியமித்தது. நிபுணர்களை நகர அரங்குகளில் விசாரித்ததோடு அவர் நிற்கவில்லை. 35 ஊர்களுக்கும் வேட்டை முகாம்களுக்கும் சென்று ஏறத்தாழ ஆயிரம் பேரின் சாட்சியத்தைக் கேட்டார். தெற்கிலிருப்போர் எல்லைநிலம் என்று நினைப்பது அங்கே வாழ்வோரின் தாயகம் என்பதே 1977இல் வெளியான அறிக்கையின் மையம். நில உரிமைகளைத் தீர்க்காமல் பத்தாண்டுகளுக்குக் குழாய் பதிக்கக் கூடாது, வட யூக்கான் வழியாக எப்போதும் பதிக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்னவர்களின் சொல் ஒரு பெருந்திட்டத்தை நிறுத்திவைத்தது. இந்தக் கேள்வியின் வரலாற்றில் ஆகப்பெரிய திருப்பம் அதுவென்று கருத இடமுண்டு.

அதே ஆண்டுகளில் தாயகம் என்ற சொல்லுக்கு வரைபட ஆதாரமும் சேர்ந்தது. 1976இல் வெளியான இனுயிட் நிலப்பயன்பாட்டு ஆய்வில், வேட்டைக்காரர்கள் தம் வாழ்நாளில் எங்கெங்கே எதை வேட்டையாடினோம் என்று வரைபடங்களில் குறித்தார்கள். வெற்று வெள்ளையாக இருந்த பகுதிகள் கோடுகளால் நிறைந்தன. பின்னாளில் நுனாவுட் நில ஒப்பந்தப் பேச்சுகளுக்கு அது அடித்தளமாயிற்று. தெனே மக்களில் ஒரு பிரிவினரான ட்லிச்சோவின் பகுதியில் மானுடவியலாளர் தாமஸ் ஆண்ட்ரூஸும் ட்லிச்சோ தலைவர்களுள் ஒருவரான ஜான் பி. ஸோவும் மூத்தோரோடு இதா என்ற பழம் நீர்வழியில் பயணம் செய்து, ஊர்ப்பெயர்களையும் கல்லறைகளையும் கதைகளையும் இடம் இடமாகப் பதிவுசெய்தனர். வரைபடத்தில் ஏரிக்கூட்டமாகத் தெரிவது, அறிந்தவருக்குத் தொடர்ச்சியான ஒரு வரலாறு.

இந்த விடையின் பலவீனம், தாயகம் என்று ஒப்புக்கொள்வதோடு நின்றுவிடும் அபாயம். ஒப்புதல் எளிது, அதிகாரத்தைப் பகிர்வது எளிதல்ல. பர்ஜரின் அறிக்கை வெறும் பரிந்துரைதான், சட்டமல்ல.

வனாந்தரம் என்ற கருத்தின் மீதான வழக்கு

கல்விப்புலத்தில் இந்த விவாதம் சூடுபிடித்தது 1989க்குப் பின். அந்த ஆண்டு இந்திய வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதிய கட்டுரை, மனிதர் இல்லாத இயற்கை என்ற அமெரிக்க இலட்சியம் இந்தியா போன்ற நாடுகளுக்குப் பெயர்க்கப்பட்டால் அதன் சுமை ஏழைகள் மேல் விழும் என்றது. புலிக் காப்பகங்களுக்காக அகற்றப்பட்ட கிராமங்கள் அவர் கண்முன் இருந்தன. 1995இல் வரலாற்றாசிரியர் வில்லியம் க்ரோனன் அமெரிக்காவுக்குள்ளிருந்தே இன்னொரு படி மேலே போனார். வனாந்தரம் இயற்கையாகக் கிடைத்த பொருளல்ல. அங்கே வாழ்ந்தோரை அகற்றியபின் நகரத்து மனம் உண்டாக்கிக்கொண்ட ஒரு பண்பாட்டுக் கருத்து என்றார்.

இதற்கு எழுந்த எதிர்ப்பும் கருதத்தக்கதே. உயிரினப் பன்மையைக் காப்பவர்கள், வனாந்தரம் வெறும் கற்பனை என்று சொல்லிவிட்டால் சுரங்க நிறுவனங்கள்தாம் முதலில் கைதட்டும் என்று அஞ்சினார்கள். வடக்கின் அனுபவம் இந்த அச்சத்தை ஓரளவு உறுதிப்படுத்துகிறது, ஓரளவு மறுக்கிறது. யூக்கானின் பீல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கனூ பயணிகளும் பாதுகாப்பு அமைப்புகளும் முதற்குடிகளும் சுரங்கத்துக்கு எதிராக ஒரே பக்கம் நின்றனர். வழக்கு 2017இல் கனடா உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2019இல் ஏற்கப்பட்ட திட்டம் ஏறத்தாழ 67,000 சதுர கிலோமீட்டரில் 83 விழுக்காட்டைக் காப்புப் பகுதியாக்கியது. கவனிக்க வேண்டியது, அந்த வழக்கின் பிடிமானம் எதுவென்பதே. வனாந்தரத்தின் அழகை முன்வைத்து அவர்கள் வெல்லவில்லை. முதற்குடிகளோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை யூக்கான் அரசு மீறியது என்ற வாதத்தால் வென்றார்கள்.

க்ரோனனின் விமர்சனத்தை அப்படியே வடக்குக்கு எடுத்துவருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. நகரத்தவர் கருத்து எப்படி உருவானது என்பதை அது துல்லியமாகக் காட்டுகிறது. தெனே மூத்தோரோ இனுயிட் வேட்டைக்காரரோ நிலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் அது ஏறத்தாழ மௌனம். அந்த இடத்தை நிரப்பியவர்களில் மானுடவியலாளர் ஜூலி க்ருக்‌ஷாங்க் முக்கியமானவர். யூக்கானின் ஏஞ்சலா சிட்னி, கிட்டி ஸ்மித், ஆனி நெட் ஆகிய மூத்த பெண்களோடு சேர்ந்து 1990இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலும், பனியாறுகள் பற்றிய 2005ஆம் ஆண்டு நூலும், நிலத்துக்குக் கேட்கும் திறனும் எதிர்வினையும் உண்டென்று கருதும் உலகை நிதானமாக விளக்குகின்றன.

இணைமேலாண்மையும் அதன் மீதான ஐயங்களும்

இன்று மேலோங்கி நிற்கும் விடை இணைமேலாண்மை. மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களான இனுவியாலுயிட்டோடு செய்த ஒப்பந்தத்தின் வழியே 1984இல் உருவான இவ்வாவிக், கனடாவில் நில உரிமை ஒப்பந்தத்தால் பிறந்த முதல் தேசியப் பூங்கா. பாரம்பரிய வேட்டை அங்கே தொடர்கிறது. லாப்ரடாரின் டோர்ன்கட் மலைகளில் ஏறத்தாழ 9,700 சதுர கிலோமீட்டர் பூங்காவின் மேலாண்மைக் குழு உறுப்பினர் அனைவரும் இனுயிட்டே. அருகில் 1959இல் அரசும் திருச்சபையும் மூடிவிட்ட ஹெப்ரான் ஊர் இருக்கிறது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தாரும் அவர்கள் பிள்ளைகளும் இப்போது பூங்காவின் அடிமுகாம் வழியே அந்நிலத்துக்குத் திரும்பி வருகிறார்கள். பயணிகளைத் துருவக் கரடியிடமிருந்து காக்கும் இனுயிட் காவலரோடுதான் அங்கே பலரும் நடக்கிறார்கள்.

மிக நீண்ட கதை லுட்செல் கே ஊருடையது. பெரிய அடிமை ஏரியின் கிழக்குக் கையில் சில நூறு பேர் வாழும் தெனே ஊர் அது. 1970ஐ ஒட்டி அரசு அங்கே தேசியப் பூங்கா அமைக்க வந்தபோது, தலைவர் பியர் காத்தலிக் மறுத்துவிட்டார். வேட்டையை இழப்போம் என்பது அச்சம். வுட் பஃபலோவின் நினைவு அருகிலேயே இருந்தது. மறுப்பு முப்பதாண்டுகள் நீடித்தது. வைரச் சுரங்கங்கள் சுற்றிலும் வளர்ந்தபின் அந்த ஊரே தன் நிபந்தனைகளோடு பேச்சைத் தொடங்கியது. 2008இல் நிஹத்னி தெனே என்ற பெயரில் தன் காவலர்களை நிலத்துக்கும் நீருக்கும் அனுப்பியது. 2019 ஆகஸ்டில் தைதெனே நெனே என்ற 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட காப்புப் பகுதிக்கான ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அதற்கென மூன்று கோடி டாலர் அறக்கட்டளை நிதியும் உண்டு. வேட்டை, மீன்பிடி உரிமைகள் பறிபோகவில்லை. முதலில் சொன்ன ‘வேண்டாம்’ பின்னர் வந்த ‘சரி’க்கு எவ்வளவு பேரம்பேசும் வலிமை தந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வடக்கில் அரிது.

ஐயங்களும் வலுவானவை. க்ளுவானி முதற்குடியோடு வாழ்ந்து ஆய்வுசெய்த மானுடவியலாளர் பால் நடாஸ்டி 2003இல் எழுப்பிய வாதம் இன்னும் பதில் கேட்டு நிற்கிறது. இணைமேலாண்மைக் கூட்டத்தில் அமர வேண்டுமானால் வேட்டைக்காரர் அலுவலராக மாற வேண்டும். நிலத்தில் இருக்க வேண்டிய நாட்களை மேசையில் கழிக்க வேண்டும். அவர் அறிவில் எண்ணாகவோ வரைபடமாகவோ மாற்றத்தக்க பகுதி மட்டுமே ஏற்கப்படும் என்பது நடாஸ்டி கண்டது. யெல்லோநைவ்ஸ் தெனே அறிஞர் க்ளென் கூல்தார்ட் 2014இல் இன்னும் கடுமையாகச் சொன்னார்: அரசு வழங்கும் அங்கீகாரமே பழைய ஆதிக்கத்தைப் புதுப்பிக்கும் வழியாகிவிடுகிறது. கூல்தார்டின் முடிவை முழுமையாக ஏற்காதவர்களும், பல இடங்களில் இறுதிக் கையெழுத்து அமைச்சரிடமே இருப்பதை மறுக்க முடியாது.

இரு வேறு பயண ஒழுங்குகள்

ஆற்றில் இறங்கும் தனிப் பயணியிடம் இந்தக் கேள்வி நடத்தை விதியாக வந்து நிற்கிறது. தெற்கத்திய பயண மரபு அவருக்குக் கற்றுத்தருவது, தடயம் விடாமல் போ என்பது. நல்ல விதிதான். ஆனால் மனிதச் சுவடு இல்லாமையே நிலத்தின் சிறப்பு என்ற எண்ணம் அதன் அடியில் இருக்கிறது. வடக்கின் ஆற்றங்கரைகளில் கூடார வட்டக் கற்களும், காரிபுவை ஓட்டிவரும் கல்வரிசைகளும், வேலியிட்ட கல்லறைகளும் உள்ளன. 1990களில் தொடங்கிய ட்லிச்சோ மக்களின் ஆண்டுதோறுமான கனூ பயணங்களில், கோடைக் கூடுகைக்குச் செல்லும் குடும்பங்கள் வழியில் நின்று முன்னோர் கல்லறைகளைச் சீர்செய்கின்றன. பல தெனே சமூகங்களில் நீரில் இறங்குமுன் சிறிது புகையிலையோ வேறொரு சிறு பொருளோ காணிக்கையாக இடுவது முறை. ஒரு மரபு தடயத்தைத் தவிர்க்கிறது. மற்றது உறவைத் தடயத்தால் புதுப்பிக்கிறது.

மீன்பிடிப்பில் முரண் இன்னும் கூர்மையாகிறது. பிடித்த மீனை உயிரோடு விடுவது பொழுதுபோக்கு மீன்பிடிப்போருக்கு உயர்ந்த அறம். நடாஸ்டி பதிவுசெய்துள்ளபடி, க்ளுவானி மூத்தோர் பலருக்கு அது மீனை வைத்து விளையாடுவது; தன்னைத் தந்த உயிரை அவமதிப்பது. இரு தரப்பும் மீன் மேல் அக்கறையோடுதான் பேசுகின்றன. சட்டம் முதல் தரப்பின் மொழியில் எழுதப்பட்டிருப்பதே இங்கே கவலைக்குரியது.

பணத்தின் போக்கையும் விட்டுவிட முடியாது. உணவும் கருவிகளும் தெற்கில் வாங்கி, நீரில் இறங்கும் சிறு விமானத்தில் நேரே ஆற்றின் தலைப்பகுதிக்குப் போய், ஊருக்குள் கால்வைக்காமலே திரும்பும் பயணம் சாத்தியம். மறுகோடியில் பெருங்கப்பல்கள். 2016இல் க்ரிஸ்டல் செரினிட்டி என்ற சுற்றுலாக் கப்பல் சுமார் ஆயிரம் பயணிகளோடு வடமேற்குக் கடல்வழியைக் கடந்தபோது, வழியில் நின்ற உலுக்ஹக்டோக் ஊரின் மக்கள்தொகை அதில் பாதிகூட இல்லை. கைவினை விற்பனை சிலருக்கு உதவியது. இத்தகைய வருகைகள் ஊருக்கு நீடித்து என்ன தருகின்றன என்பதில் உள்ளூரிலேயே கருத்து வேறுபாடு உண்டு.

இன்னும் தீராதவை

இந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆளற்ற நிலம் என்ற பழைய விடையைத் தாங்கிப்பிடிக்கச் சான்று இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். தாயகம் என்ற விடை பொருந்துகிறது. ஆனால் அது மூன்று கேள்விகளைத் திறந்தே வைக்கிறது.

முதலாவது காரிபு. பாதர்ஸ்ட் மந்தை 1986இல் சுமார் 4,70,000 ஆக மதிப்பிடப்பட்டது. 2018இல் ஏறத்தாழ 8,200. காரணங்களாகக் காலநிலை, சுரங்கங்களும் அவற்றின் சாலைகளும், வேட்டை, இயற்கையான ஏற்ற இறக்கம் எல்லாம் பேசப்படுகின்றன. எடை எதற்கு எவ்வளவு என்பதில் இணக்கமில்லை. 2010இல் அரசு வேட்டையைத் தடுத்தபோது, எண்ணுபவர் யார், தீர்ப்பவர் யார் என்ற பழைய வழக்கு மறுபடி எழுந்தது. 2016 முதல் ட்லிச்சோ மூத்தோரும் இளையோரும் கோடைதோறும் கொன்ட்வாய்ட்டோ ஏரிக்கரையில் முகாமிட்டு, நாள்தோறும் நடந்து, மான்களைக் கவனித்துப் பதிவுசெய்கிறார்கள். விமானக் கணக்கெடுப்போடு இந்த அறிவு எந்த அளவு சம எடை பெறும் என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இரண்டாவது, மாறிவரும் பனி. முன்பு நம்பிச் சென்ற பனிவழிகள் இப்போது காலம் தவறி உருகுகின்றன. மூத்தோர் அறிவு வழக்கொழிகிறதா, அல்லது மாற்றத்தை முதலில் கண்டுகொள்வதே அந்த அறிவா? இரண்டாவதற்கே சான்றுகள் கூடுதல் என்று தோன்றினாலும், இடத்துக்கு இடம் விடை வேறுபடலாம்.

மூன்றாவது, மிகக் குறைவாகப் பேசப்படுவது. மறுக்கும் உரிமை நிலத்து மக்களுக்கே என்றால், எந்த மக்களுக்கு? தைதெனே நெனே நிலத்தோடு லுட்செல் கே தெனேக்கு மட்டும் அல்ல, பூர்வகுடி-ஐரோப்பியக் கலப்பு மரபினரான வடமேற்குப் பிரதேச மெட்டி மக்களுக்கும் அண்டை முதற்குடிகளுக்கும் தொடர்பு உண்டு. அவர்களோடும் தனித்தனி உடன்பாடுகள் தேவைப்பட்டன. வேட்டை எல்லைகள் மரபாகவே ஒன்றன்மேல் ஒன்று படர்ந்தவை. உறவுமுறையாலும் பேச்சாலும் நிர்வகிக்கப்பட்டவை. நில ஒப்பந்தங்களோ கோடு கிழிக்கக் கேட்கின்றன. ஓர் ஊர் பயணிகளை வரவேற்று அடுத்த ஊர் மறுத்தால் ஒரே ஆற்றில் வரும் படகு யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதற்கு, இதுவரையிலான ஒப்பந்தங்களில் பொதுவான விடை இல்லை. அந்த விடையை நீதிமன்றங்களைவிட அந்த ஊர்களுக்கு இடையிலான பேச்சே தருவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்கு வேண்டிய காலத்தைச் சுரங்க உரிமங்களின் வேகம் விட்டுவைக்குமா என்பதுதான் உறுதியில்லை.